சேம்பருக்குக் கலாயி

"சேம்பருக்கு என்ன பினிஷ் வேணுமுங்க அங்கிள்?"

சந்தானம் இதைக் கேட்டபோது கிதியோன் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனரை நிறுத்தவில்லை. மேலே நின்றவன் குனிந்து, செல்போன் வெளிச்சத்தை அவர் முகத்தில் அடித்து, அதையே மறுபடியும் கேட்டான்.

"லைட்ட மூஞ்சில அடிக்காத. இன்னா வேணும் உனக்கு?"

"பினிஷ்ங்க. புதுச் சேம்பர் சொல்லப் போறமில்லீங்களா, குரோமா, கருப்பு பவுடர் கோட்டிங்கான்னு கடையில கேக்கறாங்க. கலர் சொன்னா ஆரஞ்சுலகூடப் பண்ணித் தருவாங்களாமா."

கிதியோன் முதுகாலேயே நகர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தார்.

"பினிஷ் பண்றதுக்குக் கடைக்காரன் எதுக்கு? ஞாயித்துக்கெழமயே நீ பினிஷ் பண்ணிட்டியே."

சேம்பர் என்பது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்குகிற இரும்புத் தொட்டி. ஒரு லாரி பிறந்து, ஓடி, பழைய இரும்பாகப் போகிற வரைக்கும் அதன் முகத்தை ரோட்டைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. சேறு அடிக்கும், கல் அடிக்கும், வெள்ளத்தில் முங்கும். அதற்கு ஒருத்தன் வண்ணம் கேட்கிறான் என்றால் அவன் மண்டைக்குள் என்ன இருக்கும் என்று கிதியோனுக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததும் அப்படித்தான். அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மெட்டுகுடாவில் வண்டி நிற்கிற காலி மனையில், சந்தானம் தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவி போட்டு ரிவர்ஸ் எடுத்திருக்கிறான். பின்னால் கிடந்த சிமெண்டுக் கட்டை மேல் சக்கரம் ஏறி இறங்கியது. சேம்பர் நசுங்கி வாய் பிளந்து, ஆயில் மொத்தமும் மண்ணில் ஊற்றிவிட்டது. ஆராதனை முடிந்து வந்த கிதியோன் பார்த்தது, கறுப்புக் குட்டைக்கு நடுவில் பளபளப்பான ஷூவோடு நின்றுகொண்டிருந்த சந்தானத்தைத்தான்.

அந்த லாரி மூக்கு நீண்ட பழைய மாடல். முன்பு அது கிதியோனுடையது. போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு வெங்காயமும் தக்காளியும் ஏற்றி இறக்கிய வண்டி. புது வண்டிகள் வரிசை கட்டி நிற்க ஆரம்பித்த பிறகு வியாபாரிகள் இவரைக் கண்டும் காணாத மாதிரி போனார்கள். அப்போதுதான் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து இந்தத் தெலுங்கு ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் சந்தானம், வண்டியை டிபன் கடையாக மாற்றி ஹப்சிகுடாவில் நிறுத்தப் போவதாகச் சொல்லிக் கேட்டான். கிதியோன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். தினம் சாயங்காலம் வண்டியை இங்கிருந்து ஹப்சிகுடாவுக்கு ஓட்டிக்கொண்டு போவதும், கடை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவருவதும் அவர்தான். வேறு கை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. சந்தானம் ஒப்புக்கொண்டான். அந்த ஸீட்டுக்காகத்தான் அவர் விற்றதே. இல்லையென்றால் பழைய இரும்புக்காரனுக்கே போட்டிருப்பார்.

இப்போது சேம்பர் உடைந்த பிறகு சந்தானம் இன்னொரு பேச்சை எடுத்திருந்தான். "இந்தத் தடவ சரியாகலீன்னா இன்ஜினையே எறக்கிரலாமுங்க. வண்டிய ஹப்சிகுடாவுலயே நெரந்தரமா நிறுத்தீருவேன். ஓடற தொல்லையே வேண்டாம்." சாதாரணமாகத்தான் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து கிதியோனுக்குச் சோறு இறங்கவில்லை. இவன் வேண்டுமென்றேதான் கட்டை மேல் ஏற்றியிருக்கிறான், என்னை இறக்கத்தான் இத்தனையும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவருக்கு ஒன்று தோன்றிவிட்டால் அதை யாரும் எடுக்க முடியாது. பெண்டாட்டி டோரிஸால்கூட முடியாது.

"சொல்லுங்க அங்கிள். நான் குரோம்னு நெனைக்கறேன். வண்டிக்கு அடியில நீல லைட் போடறேன். சாயங்காலம் சேம்பர் தகதகன்னு தெரியுமுங்க. பசங்க போட்டோ எடுப்பாங்க."

"தோசை திங்க வர்றவன் வண்டிக்கு அடியில படுத்துகினு திம்பானா?"

"அப்பக் கருப்புங்க?"

"கருப்பு எதுக்குப் பூசறான் தெரியுமா? ஒழுகறத மறைக்க. கருப்பு மேல ஆயில் ஒழுகினா எவன் கண்ணுக்குத் தெரியும்? இன்ஜின் காய்ஞ்சு நின்னப்புறம் தெரியும். குரோம் போடறவன் இன்னா பண்ணுவான், உதடு வரைக்கும் மொழுமொழுன்னு பூசி வெச்சிடுவான். சேம்பரோட உதடு மேலதான் பேக்கிங் ஒக்காரணும். இரும்பு சொரசொரன்னு இருந்தாத்தான் பேக்கிங் புடிக்கும். உதட்டுல பூச்சு பட்டா வழுக்கும், போல்ட்டு லூசாவும், ஒழுகும். பவுடர் கோட்டிங்காரன் பூசறதுக்கு முன்னால மணல் அடிச்சுத்தான் சுத்தம் பண்ணுவான். ஒரு குருணை மணல் உள்ள தங்கிச்சுன்னா பேரிங்கெல்லாம் அரைச்சுப்பூடும். நீ கேட்டியே பினிஷ், அதான் பினிஷ்."

இவர் இத்தனையும் பேசிக்கொண்டிருக்கும்போது சந்தானம் தலை குனிந்து செல்போனில் கட்டைவிரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். பெரியவன் பேசும்போது போனைப் பார்க்கிற பிள்ளைகளை கிதியோனுக்குக் கண்டாலே ஆகாது. ஸ்பேனரை மண்ணில் விட்டெறிந்தார்.

"நான் சொவத்துகிட்டயா பேசிகினுகீறேன்?"

"கேட்டுட்டுத்தானுங்க இருக்கறேன். சரி, நீங்களே பாத்துப் பண்ணுங்க. ஆனா எனக்கு ஒரு வார்த்தை சொல்லீட்டுப் பண்ணுங்க. வண்டி இப்ப என்னுதுங்க."

கடைசியில் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் கிதியோனோடு வீட்டுக்கு வந்தது. வண்டி இப்ப என்னுதுங்க. கை கழுவும்போது வந்தது, சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்கார்ந்தது.

"உள்ளதத்தான சொல்லிருக்கான்," என்றாள் டோரிஸ், குழம்பை ஊற்றிக்கொண்டே. ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். யார் கத்தினாலும் ஊசியைப் போட்டுவிட்டுப் போகிற கை. "வித்தாச்சு இல்ல?"

"வித்தா? வண்டிய வித்தேன், வாயையுமா வித்தேன்?"

"அத யாரு வாங்குவா."

மறுநாள் காலையில் கிதியோன் ராணிகஞ்சுக்குப் போனார். லாரி சாமான் கடைகளுக்குப் பின்பக்கச் சந்தில் யாகூப் பாயின் பட்டறை. தகரம் தட்டுவது, வெல்டிங், பழைய பாகங்கள் எல்லாம் உண்டு. யாகூப் தக்கனி உருதுவில் பேசுவான், இடையிடையே லாரிக்காரர்களிடம் கற்ற தமிழைப் போடுவான். கிதியோன் தமிழில் திட்டுவார், இடையிடையே உருதுவைப் போடுவார். இரண்டு பேருக்கும் இதுவரை புரியாமல் போனதில்லை.

"க்யா தாதா, காலையிலயே இத்தனா குஸ்ஸா கைக்கு? கோவம் எதுக்கு? சாய் குடி."

"சாய் நக்கோ, வேணாம். சேம்பர் இருக்குதா, அதச் சொல்லு."

இருந்தது. பட்டறையின் மூலையில், பழைய சைலன்சர்களுக்கு அடியில், அதே மாடலின் ஒரிஜினல் சேம்பர். கிதியோன் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், விரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்டார், வெயிலுக்கு நேராகத் தூக்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். யாகூப் ஓட்டை இல்லை என்று சத்தியம் செய்ததால் இன்னொரு தடவையும் பார்த்தார். இரும்பு கெட்டி. உள்பக்கம்தான் துரு தின்று அம்மை போட்ட முகம் மாதிரிக் குழி குழியாக இருந்தது. இன்றைக்கு ஓட்டை இல்லாவிட்டாலும் நாளைக்கு அந்தக் குழி ஒவ்வொன்றும் ஊசித்துளை ஆகிவிடும்.

"அந்தர் கலாயி மார்தூங்?" என்றான் யாகூப்.

பிரியாணி தேக்சாவுக்கும் செம்புப் பாத்திரத்துக்கும் உள்ளே ஈயம் பூசுவதைத்தான் இந்த ஊரில் கலாயி என்பார்கள். நெருப்பில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தேய்த்துத் துணியால் ஒரே இழுப்பாக இழுத்தால் உள்பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி ஏறிவிடும். குழி எல்லாம் அடைபடும். யாகூப்பின் மச்சான் அந்த வேலைக்காரன். கிதியோன் யோசித்தார். குறை கண்டுபிடிக்கத்தான் யோசித்தார், ஒன்றும் அகப்படவில்லை.

"ஹவ், பண்ணு. உள்ள கலாயி, வெளிய வெறும் சில்வர் பெயிண்டு. ஒரு சொட்டு ஒழுகினாலும் கோடு தெரியணும். உதட்டுல ஒண்ணும் படக்கூடாது."

"மாலிக்கைக் கேக்கணுமா?"

மாலிக் என்றால் முதலாளி. அந்தச் சொல்லைக் கேட்டதும் கிதியோனுக்கு நேற்றைய வரி ஞாபகம் வந்தது. போனை எடுத்துத் தானே சந்தானத்திடம் பேசியிருக்கலாம். பேசவில்லை. உன் வண்டிக்கு நான் இன்னது பண்ணட்டுமா என்று அவனிடம் உத்தரவு கேட்க அவருடைய நாக்கு திரும்பவில்லை.

"நீயே அவனுக்குச் சொல்லிடு," என்று நம்பரைக் கொடுத்தார்.

யாகூப் போனை வாய்க்கு நேராகப் பிடித்து உருதுவில் நாலு வார்த்தை பேசி அனுப்பினான். பக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல நடுவில் சிரித்தான். அவன் அனுப்புவதற்கு முன்பே கிதியோன் பின்னால் நின்று, அந்த மச்சான் சோம்பேறியாக இருப்பானோ என்ற சந்தேகத்தில், அவனுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னார்: "ஒரு எடம் விடாம நல்லாப் பண்ணச் சொல்லு. அப்பதான் அவனுக்கு புத்தி வரும்." அவனுக்கு என்றது சந்தானத்தைத்தான். நல்ல வேலையைக் கண்ணால் பார்த்தால் குரோம் பைத்தியம் தெளியும் என்பது கணக்கு.

கொஞ்ச நேரம் கழித்து யாகூப் போனைப் பார்த்தான். "கேட்டுட்டான் தாதா. ஜவாப் இல்ல."

"கேட்டுட்டு சும்மா கீறான்னா சரின்னு அர்த்தம். ஆரம்பி."

யாரையும் நம்பாத மனுஷன், ஆகவே வேலை முடிகிற வரை நெருப்புக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஈயம் இழுத்த இடத்தையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து, இங்கே விட்டுப்போச்சு, அங்கே விட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்ததில், யாகூப்பின் மச்சான் ஒரு கட்டத்தில் துணியை அவர் கையிலேயே கொடுத்து நீயே பண்ணு என்று எழுந்து போய்விட்டான். யாகூப் சமாதானம் பண்ணித் திரும்ப அழைத்து வந்தான். பெயிண்டு காய ஒரு நாள் ஆகும் என்று சேம்பரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு கிதியோன் வீட்டுக்கு வந்தார். சந்தானத்துக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தார். மணி அடித்து அடித்துத் தானாக நின்றது.

மறுநாள் மத்தியானம் டோரிஸ் மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வந்தாள்.

"உங்க லாரியில எவனோ வேலை செஞ்சுகினு இருக்கான். யூனிபார்ம் போட்டவனுங்க. வேன்ல வந்திருக்கானுங்க."

கிதியோன் சாப்பாட்டிலிருந்து எழுந்தார். மாடிக்கு ஓடினார். ரயில்வே குவார்ட்டர்ஸ் மரங்களுக்கு இடையில் காலி மனை தெரிந்தது. லாரிக்கு அடியிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்து கை துடைத்துக்கொண்டிருந்தார்கள். சந்தானம் குனிந்து குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடைவெளியில், வெயில் பட்டு, கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்று பளிச்சென்று அடித்தது. குரோம்.

"எச்சக்கல," என்றார். யாரைச் சொன்னார் என்று டோரிஸ் கேட்கவில்லை.

நேராக மனைக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்து ராணிகஞ்சுக்குப் போய், பெயிண்டு ஒட்டினாலும் ஒட்டட்டும் என்று சேம்பரை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். வழி நெடுக வாய்க்குள்ளேயே பேசினார். ஆட்டோக்காரன் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டான்.

மனையில் சந்தானம் மட்டும் நின்றிருந்தான். டிபன் கவுண்டருக்குள் அவன் மனைவி சௌம்யா சாயங்காலத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கிதியோன் சேம்பரைத் தலைக்கு மேல் தூக்கி அவன் காலடியில் போட்டார். கோயில் மணி மாதிரி அது ஒரு சத்தம் போட்டு உருண்டு நின்றது.

"இந்தா. நீ கேட்ட பினிஷ்."

சந்தானம் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவன் முகத்தில் எப்போதும் இருக்கிற அந்தச் சிரிப்பு இல்லை.

"வேலை முடிஞ்சிருச்சுங்க. புதுச் சேம்பர் மாட்டியாச்சு. சாவிய வேற டிரைவர்கிட்டக் குடுக்கலாம்னு இருக்கறேன். நாளையிலருந்து நீங்க வர வேண்டாமுங்க."

"கைக்கு? எதுக்குடா?"

"உங்களுக்கே தெரியும்."

"எனக்கு இன்னா தெரியும்? நீ கட்டை மேல வேணும்னே ஏத்தினது தெரியும். இன்ஜின எறக்கணும்னு பாத்தது தெரியும். கெழவன அனுப்பறதுக்கு ஒரு சாக்கு வேணும். நேரா சொல்றதுக்கு உனக்குத் துப்பு இல்ல."

"நிக்கப் போற வண்டிக்கு யாராச்சும் சேம்பர் மாத்துவாங்களா? மூளைய வெச்சுப் பேசுங்க."

"மூளையப் பத்தி நீ பேசாத. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவன்."

"ஆமாங்க, தெரியாது. அதுக்காக ஊரான் பட்டறையில நின்னுட்டு, என்னைய நல்லாக் கலாய்க்கச் சொல்லுவீங்களா? அந்தாளு அதை எனக்கே அனுப்பறான். உத்தரவு வேற கேக்கறான். பெரியவர் கலாய்க்கச் சொன்னாரு, கலாய்க்கட்டுமான்னு. பின்னாடி நீங்க சிரிச்சுட்டு, ஒரு எடம் விடாமப் பண்ணு, அப்பதான் புத்தி வரும்ங்கறீங்க. எங்கப்பா வயசு உங்களுக்கு. எனக்கு வலிக்காதுங்களா?"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட கிதியோனுக்குப் புரியவில்லை.

"நான் எங்கடா சிரிச்சேன்? என்னைக்காவது நான் சிரிச்சுப் பாத்துகீறியா நீ?"

அது உண்மைதான் என்று சந்தானத்துக்கே பட்டிருக்க வேண்டும். அதற்குள் சௌம்யா தேங்காய்ப்பூக் கையோடு இறங்கி வந்து, கீழே கிடந்ததைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது என்ன, உள்ள ஈயம் பூசினாப்பல இருக்குது? எங்க பெரியம்மா ஊட்டு ரசச் சட்டி மாதிரியே இருக்குது."

"ஈயந்தான்," என்றார் கிதியோன். "கலாயி. உள்ள குழி குழியா இருந்திச்சு, கலாயி போடச் சொன்னேன். ஒரு நாள் பூரா நெருப்பாண்ட ஒக்காந்து இந்த மூதேவிக்காகப் போட்டுகினு வந்தேன்."

"என்ன போட்டீங்க?" என்றான் சந்தானம்.

"கலாயி. காது கேக்காதா?"

சந்தானம் போனை எடுத்து அந்தச் செய்தியைப் போட்டான். யாகூப்பின் குரல் காலி மனையில் கரகரத்தது. "சந்தானம் சேட், தாதா போலே கலாயி கரோ போல்கே. அச்சா கலாயி கர்தூங்? ஆப் ஹவ் போலே தோ ஷுரு கர்தூங்." நடுவில் அவனுடைய சிரிப்பு. அதற்குப் பின்னால் கிதியோனின் குரல், தெளிவான தமிழில்: ஒரு எடம் விடாம நல்லாப் பண்ணச் சொல்லு. அப்பதான் அவனுக்கு புத்தி வரும்.

மூன்று பேரும் கீழே கிடந்த வெள்ளைச் சேம்பரைப் பார்த்தார்கள். முதலில் சௌம்யாவுக்குத்தான் விளங்கியது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கவுண்டருக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரங்கள் குலுங்குகிற சத்தம் கேட்டது.

"எங்கூர்ல கலாய்க்கறதுன்னா கேலி பண்றதுங்க," என்றான் சந்தானம் மெதுவாக.

"இது உங்க ஊரா?"

"இல்லீங்க."

"வந்து இத்தினி வருஷமாச்சு. தேக்சாவுல பிரியாணி துன்றல்ல? அதுக்கு உள்ள இன்னா பூசறான்னு ஒரு நாள் கேட்டியா? ஒரு போன் போட்டு, அங்கிள் இது இன்னான்னு கேட்டியா? பத்து தடவ அடிச்சேன், எடுக்கல."

"நீங்களே எனக்குப் போன் பண்ணிச் சொல்லீருக்கலாமில்லீங்க? எதுக்கு அந்தாளை விட்டுச் சொன்னீங்க?"

கிதியோன் கோபத்தை வேறு பக்கம் திருப்பினார். சட்டையைக் கழற்றிக் கவுண்டரில் போட்டுவிட்டு, பனியனோடு லாரிக்கு அடியில் புகுந்தார்.

"எங்க போறீங்க?"

"உன் குரோமப் பாக்க. இதுக்குள்ள ஒழுகிகினு இருக்கும். ஸ்டார்ட் பண்ணு."

சந்தானம் ஏறி ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் இருமி, உதறி, பழைய குரலில் ஓட ஆரம்பித்தது. அடியில் கிடந்த கிதியோனின் மூக்குக்கு நேராக குரோம் சேம்பர். அதில் அவருடைய முகமே தலைகீழாக, அகலமாக, கன்னம் இழுபட்டுத் தெரிந்தது. இத்தனை அசிங்கமான கோபத்தை அவர் இதுவரை நேருக்கு நேர் பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரத்தை விரலால் தடவினார். வழுவழுப்பு இருக்கும், அதைச் சொல்லித் திட்டலாம் என்று தடவினார். விரலில் சொரசொரப்புத் தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தார். உதட்டைச் சுற்றிலும் பட்டையாக, பூச்சே இல்லாமல், வெறும் இரும்பு. அதன் மேல் பேக்கிங் அப்படியே அமர்ந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை.

"உதட்டுல யாரு பூச வேணாம்னு சொன்னது?" என்று கீழிருந்தே கத்தினார்.

சந்தானம் இன்ஜினை அணைத்தான். "நீங்கதானுங்க சொன்னீங்க. நீங்க பேசப் பேச அப்பவே கடைக்காரனுக்குத் தட்டி அனுப்பிட்டேன். உதட்ட விட்டுட்டுப் பூசு, உள்ள மணல் தங்காமக் கழுவீட்டுக் குடுன்னு. நேத்து அந்தக் கோவத்துல அதையே மாட்டச் சொல்லீட்டேனுங்க."

கிதியோன் அடியிலேயே கிடந்தார். வெளியே வந்தால் ஏதாவது சொல்லியாக வேண்டும். நாலு வாரம் வைத்துத் திட்டலாம் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, ஆனால் அதைக் கொட்ட ஆள் இல்லை. பெரியவன் பேசும்போது போனைப் பார்த்த பயல், பெரியவன் பேசினதைத்தான் போனில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். இது அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வெளியே வந்தார். முதுகெல்லாம் மண். சந்தானம் தட்டிவிட வந்தான். கையைத் தள்ளிவிட்டார்.

"கட்டை மேல வேணும்னே ஏத்தலியா நீ?"

"இல்லீங்க. ஓட்டத் தெரிஞ்சா நல்லாருக்கும்னு பாத்தேன். உங்களுக்கு ஒடம்பு சரியில்லாத அன்னைக்கு ஆள் வேணுமில்லீங்களா."

"எனக்கு ஒடம்பு சரியில்லாம போவாது."

"ஆகட்டுங்க."

"கேட்டுட்டு எடு. பக்கத்துல நான் ஒக்காந்து சொல்றேன். தனியா எடுத்தே, காலை ஒடைச்சுடுவேன்."

"சரிங்க."

"இன்ஜின எறக்கற பேச்சு?"

"அது ஞாயித்துக்கெழமக் கோவத்துல சொன்னதுங்க. எறக்கலீங்க."

"சாவியக் குடு."

சந்தானம் கொடுத்தான். கிதியோன் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாவியை அதன் பையில் வைத்துப் பொத்தான் மாட்டினார். பிறகு குனிந்து, கலாயி போட்ட சேம்பரைத் தூக்கி, விழுந்ததில் உதடு வளைந்திருக்கிறதா என்று கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தார். வளையவில்லை. ஒரிஜினல் இரும்பு. அதை ஒரு சாக்கில் சுற்றி டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் செருகினார்.

"அது எதுக்குங்க?"

"உன்னுது ஒழுகற அன்னைக்கு மாட்டறதுக்கு."

அன்று சாயங்காலம் தார்நாகா வழியாக வண்டியை ஹப்சிகுடாவுக்கு அவர்தான் ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் சந்தானம் உட்கார்ந்து கியர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு வந்தான். கையைப் பார்க்காதே, ரோட்டைப் பார் என்று வழி முழுக்கத் திட்டு வாங்கினான். கடை போட்டதும் சந்தானம் நீல விளக்கை எரியவிட்டான். அடியில் குரோம் பளபளத்தது. இரண்டு பையன்கள் நிஜமாகவே குனிந்து போட்டோ எடுத்தார்கள். கிதியோன் அவர்களைப் பார்த்த பார்வையில் தோசை வாங்காமலே போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு தினமும் ஹப்சிகுடாவில் வண்டியை நிறுத்தியதும் அவர் செய்கிற முதல் வேலை, சேம்பருக்கு நேர் கீழே ஒரு அட்டையைப் போடுவது. கிளம்புவதற்கு முன்னால் அதை இழுத்து விளக்கில் காட்டி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். சௌம்யா கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே கேட்பாள்.

"இன்னைக்கும் ஒழுகலீங்களா அங்கிள்?"

கிதியோன் காய்ந்த அட்டையை மடித்து, கலாயிச் சேம்பருக்குப் பக்கத்தில் எறிந்துவிட்டு, கதவை அறைந்து சாத்துவார்.

"நாளைக்கு ஒழுகும்."